சுருக்கென்று இருந்தது என்றார் அம்மா

அம்மா முதல் தடவை சொன்னபோது நான் அதைச் சரியாகக் காதில் வாங்கவில்லை. "குளிக்கும்போது குழாயைத் தொட்டா கையில சுருக்குனு இருக்குடா" என்றார். அன்று மதியம் குளியலறைக்குள் போய்க் குழாயைத் தொட்டுப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. ஷவரின் தண்டைத் தொட்டேன், கீசரின் அடிப்பகுதியைத் தொட்டேன். எதிலும் எதுவும் இல்லை. "உனக்குத்தான் அப்படித் தோணுதும்மா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அப்போது என் கால்களில் ரப்பர் செருப்பு இருந்தது. கை காய்ந்திருந்தது. தரை காய்ந்திருந்தது. கீசர் அணைந்திருந்தது. அம்மா குளிக்கும் நேரத்தில் இந்த நான்கும் நேர் எதிராக இருக்கும் என்பது எனக்கு உறைக்கவில்லை. அவர் சொன்னதைச் சோதித்துப் பார்த்ததாக நான் நினைத்துக்கொண்டேன். உண்மையில் வேறு ஒருவரின் நிலைமையை, வேறு ஒரு நேரத்தில் சோதித்திருக்கிறேன்.

பத்து நாள் கழித்து அம்மா மறுபடியும் சொன்னார். நானும் மறுபடியும் அதே மாதிரி தொட்டுப் பார்த்துவிட்டு அதே பதிலைச் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் சொல்வதை நிறுத்திவிட்டார். குழாயைத் துணியால் பிடித்துத் திருக ஆரம்பித்திருந்தார். எனக்கு அது பின்னால்தான் தெரிந்தது. இன்றைக்கு அதை நினைத்தாலும் மனம் ஒரு மாதிரி ஆகிவிடுகிறது.

அப்புறம் ஒருநாள் காலையில், தலையில் ஷாம்பு நுரையோடு, கண்ணை மூடிக்கொண்டு ஷவரைத் திறக்கக் கையை நீட்டினேன். விரல் நுனியிலிருந்து மணிக்கட்டு வரை ஊசிகள் ஓடியதுபோல் இருந்தது. கை தானாகப் பின்வாங்கியது. வலி என்று சொல்ல முடியாது. எறும்புக் கூட்டம் தோலுக்கு அடியில் ஓடுகிற மாதிரி ஓர் அதிர்வு, அவ்வளவுதான். ஈரத்தோடு வெளியே வந்து மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, அம்மாவின் எதிரில் போய் நின்றேன். என்ன சொல்வது என்று தெரியவில்லை.

முதலில் வந்த எலக்ட்ரீசியன் டெஸ்டரைக் குழாயில் வைத்தார். பளிச்சென்று எரிந்தது. கீசர் மாட்டியிருந்த பிளக் பாயின்ட்டைப் பார்த்துவிட்டு, "எர்த் வரலை. நியூட்ரல்ல இருந்து எர்த் பின்னுக்கு ஒரு லூப் போட்டுட்டா போதும், டெஸ்டர் அணைஞ்சிடும்" என்றார். ஐந்து நிமிட வேலை என்றார். எர்த் என்பது கசியும் மின்சாரத்தைப் பூமிக்குக் கொண்டுபோகும் வயர், நியூட்ரல் என்பது மின்சாரம் திரும்பிப் போகும் வயர். ஒரு நிமிடம் எனக்கே ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் டெஸ்டரை அணைப்பதும் கசிவைச் சரிசெய்வதும் ஒன்றா என்ற கேள்வி மனதில் உறுத்தியது. "கீசரைக் கழட்டிப் பார்க்க வேண்டாமா?" என்று கேட்டேன். "அதெல்லாம் தேவையில்லை" என்றார். வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். அந்த லூப்பைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். அன்று அதற்கு ஒப்புக்கொண்டிருந்தால் இந்தக் கட்டுரையை நான் எழுதியிருக்க மாட்டேன் என்றே நினைக்கிறேன்.

இரண்டாவதாக வந்தவர் வயதானவர். எதையும் தொடுவதற்கு முன்னால், "குளிக்கிற நேரத்துல எப்படி இருக்குமோ அப்படிப் பண்ணுங்க தம்பி" என்றார். கீசரைப் போடச் சொன்னார், தரையை நனைக்கச் சொன்னார். எங்களைத் தள்ளி நிற்க வைத்துவிட்டு, மல்ட்டிமீட்டரின் ஒரு முனையைக் குழாயிலும் மற்றதைத் தரையில் இருக்கும் வடிகாலின் உலோக மூடியிலும் வைத்தார். 180 வோல்ட்டை ஒட்டிக் காட்டியது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அவர் அசரவில்லை. பையிலிருந்து ஒரு சின்ன ரெசிஸ்டரை எடுத்து இரண்டு முனைகளுக்கும் குறுக்கே பிடித்தார். "இது ஆயிரம் ஓம். இதுதான் நனைஞ்ச ஆளுன்னு வச்சுக்கோங்க." மீட்டர் சடாரென்று 1.4 வோல்ட்டுக்கு இறங்கியது.

ஆயிரம் ஓமுக்குக் குறுக்கே 1.4 வோல்ட் என்றால், அதன் வழியே ஓடுவது 1.4 மில்லிஆம்பியர். வீட்டு மின்சாரம் உடம்பில் பாயும்போது மனிதனால் உணர முடிகிற குறைந்த அளவு ஏறக்குறைய அரை மில்லிஆம்பியர். ஆக, அம்மாவின் விரல் உணர்ந்தது கற்பனை இல்லை. மீட்டர் இல்லாமலேயே அவர் அதைச் சரியாகக் கண்டுபிடித்திருந்தார்.

கீசரை இறக்கி, தண்ணீரைச் சூடாக்கும் எலிமென்ட்டின் இணைப்புகளைப் பிரித்து, மெகர் என்கிற கருவியால் 500 வோல்ட்டில் சோதித்தார். நல்ல எலிமென்ட் என்றால் உள்ளே இருக்கும் கம்பிக்கும் வெளிக்குழாய்க்கும் இடையே பல மெகா ஓம் காட்ட வேண்டும். எங்களுடையது 0.14 மெகா ஓம்தான் காட்டியது. எலிமென்ட் பார்ப்பதற்கு ஒரே குழாய் போலத் தெரிந்தாலும் அதற்குள் மூன்று அடுக்குகள் உண்டு. நடுவில் சூடாகும் நிக்ரோம் கம்பிச் சுருள், அதைச் சுற்றி இறுக்கி அடைத்த மக்னீசியம் ஆக்சைடுத் தூள், வெளியே தண்ணீரில் நிற்கும் உலோக உறை. இந்தத் தூள் ஓர் அற்புதமான பொருள். வெப்பத்தைக் கடத்தும், மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் ஈரம் பட்டால் உறிஞ்சிக்கொள்ளும். உப்பும் சுண்ணாம்பும் உறையின் மேல் ஓடு மாதிரி படியும்போது, வெப்பம் வெளியேற வழியில்லாமல் அந்த இடம் மட்டும் அளவுக்கு மீறிச் சூடாகும். உறையில் மயிரிழை போல விரிசல் விழும். தண்ணீர் உள்ளே புகும். அதன் பிறகும் கீசர் வழக்கம்போல் வேலை செய்யும், தண்ணீர் சுடும், அளவுக்கு மீறி மின்சாரம் பாய்ந்தால் தானாக அணையும் எம்சிபி சுவிட்ச் விழாது. எந்த அறிகுறியும் இருக்காது, குளிக்கிறவரின் விரலில் தவிர.

விரிசல் வளரும் என்பதுதான் இதில் பயப்பட வேண்டிய விஷயம். அன்றைக்கு அந்த இடத்தின் மின்தடை 1,40,000 ஓம் அளவில் இருந்தது. அது 10,000 ஓமுக்கு இறங்கினால், நனைந்த உடம்பின் 1,000 ஓமையும் சேர்த்துக் கணக்கிட்டாலும் 230 வோல்ட்டில் சுமார் 21 மில்லிஆம்பியர் பாயும். 5,000 ஓமுக்கு இறங்கினால் 38. எலிமென்ட் மாறவில்லை, வீடு மாறவில்லை. விரிசல் மட்டும் கொஞ்சம் பெரிதாகியிருக்கும்.

இந்த 21, 38 என்ற எண்களுக்கு என்ன அர்த்தம்? கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மின்பொறியியல் பேராசிரியராக இருந்த சார்லஸ் டால்சியல், தாமாக முன்வந்த 134 ஆண்களையும் 28 பெண்களையும் வைத்து ஒரு சோதனை செய்தார். கையில் பிடித்திருக்கும் கம்பியில் மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போனால், எந்த அளவு வரைக்கும் ஒருவரால் அதைத் தாமாகவே விட முடிகிறது என்பதுதான் கேள்வி. ஆண்களின் சராசரி 16 மில்லிஆம்பியருக்குச் சற்றுக் கீழே நின்றது. பெண்களின் சராசரி 10.5. அதற்கு மேல் போனால் விரல்களை மடக்கும் தசைகள் இறுகிவிடும். மூளை விடு என்று கட்டளையிட்டாலும் கை கேட்காது. சராசரி என்பதால் அதற்குக் கீழேயே மாட்டிக்கொள்கிறவர்களும் உண்டு. மில்லிஆம்பியர் 30, 40 என்று ஏறி, சில வினாடிகள் நீடித்தால், இதயத்தின் துடிப்பு தாளம் தவறி வெறும் நடுக்கமாக மாறிவிடும் ஆபத்து இருக்கிறது.

அந்த விரிசல் வளர்ந்திருந்தால், என் கை தப்பித்துக்கொள்ளும் அளவில் அம்மாவின் கை தப்பியிருக்காது. பெண்களின் சராசரியைப் படித்தபோது எனக்கு முதலில் தோன்றியது அதுதான்.

இதற்குப் பிறகு குளியலறைக்கான மின்பாதுகாப்பு விதிகளைத் தேடிப் படித்தேன். பல நாடுகளின் விதிகளுக்கு மூலமாக இருப்பது சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் ஐஇசி 60364 என்ற தரம். அதில் 701 என்ற பிரிவு முழுவதும் குளியல்தொட்டியோ ஷவரோ இருக்கும் இடங்களுக்கானது. படிக்கப் படிக்க எனக்கு ஒரு விஷயம் தெளிவாகியது. அந்த விதிகளை எழுதியவர்கள் மின்கருவிகளை மட்டும் மனதில் வைத்து எழுதவில்லை. ஷவருக்குக் கீழே நிற்கும் மனிதனை வைத்து எழுதியிருக்கிறார்கள். மற்ற அறைகளில் நம்மைக் காப்பாற்றுகிற எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் நாம் அங்கே நுழைகிறோம். உலர்ந்த, தடித்த தோலுக்கு 1,00,000 ஓம் வரை மின்தடை இருக்கலாம். நனைந்துவிட்டால் அது ஆயிரத்தை ஒட்டி இறங்கிவிடும். செருப்பு இல்லை, உடை இல்லை. கால் ஈரத் தரையில் பதிந்திருக்கிறது. கையெட்டும் தூரத்தில் எல்லாம் உலோகம். கண்ணில் சோப்பு. கதவு உள்ளே தாழிட்டிருக்கிறது. கூப்பிட்டாலும் தண்ணீர்ச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது.

இந்த மனிதனைச் சுற்றித்தான் விதிகள் வட்டம் போடுகின்றன. தண்ணீர் தேங்கும் தொட்டிக்கு உள்ளே இருக்கும் பகுதி மண்டலம் 0. அதற்கு மேலே, தரையிலிருந்து 2.25 மீட்டர் உயரம் வரை, ஷவரின் தலை அதைவிட உயரத்தில் இருந்தால் அந்த உயரம் வரை, மண்டலம் 1. அதிலிருந்து பக்கவாட்டில் இன்னும் 60 சென்டிமீட்டர் தள்ளி மண்டலம் 2. தொட்டியோ தடுப்போ இல்லாமல் நேராகத் தரையில் தண்ணீர் விழும் ஷவர் என்றால் கணக்கு மாறும். சுவரில் தண்ணீர் வெளியேறும் புள்ளியிலிருந்து 1.2 மீட்டர் வரை எல்லாமே மண்டலம் 1 ஆகிவிடும். தரையிலிருந்து 10 சென்டிமீட்டர் உயரம் வரை மண்டலம் 0. கைஷவர் வைத்திருப்பவர்கள், குழல் சுவரோடு சேரும் இடத்திலிருந்து அளக்க வேண்டும்.

ஏன் 1.2 மீட்டர், ஏன் 60 சென்டிமீட்டர் என்று யோசித்துப் பார்த்தேன். குளிக்கிறவர் கையை நீட்டினால், வழுக்கி விழுந்து எதையாவது பிடித்தால், எட்டிவிடக் கூடிய தூரங்கள் இவை. அளவுநாடாவை எடுத்துக்கொண்டு போய் எங்கள் குளியலறையை அளந்தேன். கீசரின் சுவிட்ச் ஷவர்ப் புள்ளியிலிருந்து 85 சென்டிமீட்டரில் இருந்தது. பிளக் பாயின்ட் 1 மீட்டர் 10 சென்டிமீட்டர். இரண்டுமே மண்டலம் 1-க்குள்! ஈரக் கையால் அந்த சுவிட்சை எத்தனை நூறு முறை தட்டியிருப்போம்!

மண்டலம் 0-வில் மிகக் குறைந்த மின்அழுத்தத்தில் இயங்கும் கருவிகள்தான் இருக்கலாம். மாறுதிசை மின்சாரம் என்றால் 12 வோல்ட்டுக்கு மேல் கூடாது, அதைத் தரும் டிரான்ஸ்பார்மரும் வெளியே இருக்க வேண்டும். மண்டலம் 1-இல் தண்ணீர் சூடாக்கும் கருவிகளை வைக்கலாம், ஆனால் நிரந்தரமாகப் பொருத்தி, நேரடியாக வயர் இணைத்திருக்க வேண்டும். மண்டலம் 2 தாண்டும் வரை சாதாரண பிளக் பாயின்ட்டுக்கே இடமில்லை. அந்தப் பகுதிக்குள் வரும் எந்தக் கருவியும் தண்ணீர்த் தெறிப்பைத் தாங்கும் ஐபிஎக்ஸ்4 தரமாவது பெற்றிருக்க வேண்டும். தண்ணீரில் மூழ்கும் இடம் என்றால் ஐபிஎக்ஸ்7. ஷவருக்கு மேலே மாட்டும் விளக்கை வாங்கும்போது அழகைப் பார்க்கிறோம், வெளிச்சத்தைப் பார்க்கிறோம். பெட்டியின் பக்கவாட்டில் சின்ன எழுத்தில் இருக்கும் இந்த எண்ணையும் தயவுசெய்து பாருங்கள்.

தூரம் ஒரு பாதுகாப்பு, சரி. ஆனால் எங்கள் வீட்டில் நடந்ததற்குத் தூரம் உதவியிருக்காது. கசிவு தண்ணீர் வழியாகவும் குழாய் வழியாகவும் கைக்கே வந்து சேர்ந்தது. அதற்கு மருந்து எர்த்.

பெரியவர் பிளக் பாயின்ட்டைக் கழற்றி, பச்சை வயரைப் பின்தொடர்ந்து போனார். அது சுவருக்குள் ஏறி, கூரைக்கு அருகில் இருக்கும் ஜங்ஷன் பாக்ஸ் வரை வந்து, அங்கே டேப் சுற்றி விடப்பட்டிருந்தது. அதற்கு மேல் அதை எங்கேயும் இணைக்கவில்லை. மூன்று ஓட்டை உள்ள பாயின்ட், மூன்று கம்பி உள்ள பிளக், கீசரின் உடம்பில் ஒழுங்காகத் திருகிய எர்த் ஸ்க்ரூ, எல்லாம் இருந்தன. எர்த் மட்டும் இல்லை. வெளியிலிருந்து பார்க்கிற யாராலும் அதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. என் வாழ்க்கையில் அதுவரை, மூன்று ஓட்டை இருந்தாலே எர்த் இருக்கிறது என்றுதான் நம்பியிருந்தேன்.

எர்த் ஒழுங்காக இருந்திருந்தால் அந்த 1.4 மில்லிஆம்பியர் கீசரின் உடம்பிலிருந்து பச்சை வயர் வழியாகப் போயிருக்கும். அம்மாவின் விரலுக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது. விரிசல் வளர்ந்து கசிவு கூடும்போது, கசிவைக் கண்டு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி என்ற சுவிட்ச் விழுந்திருக்கும். எங்கள் வீட்டில் அதுவும் இல்லை. எம்சிபி மட்டும் இருந்தது, 20 ஆம்பியர். "அதான் டிரிப் ஆகுற சுவிட்ச் இருக்கே" என்று நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன். 20 ஆம்பியர் என்பது 20,000 மில்லிஆம்பியர். எம்சிபி வயரைக் காப்பாற்றுவதற்காக வைத்தது. வயர் சூடாகித் தீப்பிடிக்காமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. ஒரு மனிதன் வழியாக 100 மில்லிஆம்பியர் போய்க்கொண்டிருந்தால், அது எம்சிபிக்கு ஒரு சின்ன விளக்கு எரிவதைப் போலத்தான் தெரியும்.

ஆர்சிசிபி வேறு மாதிரி யோசிக்கிறது. மின்சாரம் வரும் வயரான ஃபேஸ் வழியாகப் போகும் மின்சாரம் அத்தனையும் நியூட்ரல் வழியாகத் திரும்பி வருகிறதா என்று மட்டும் அது பார்த்துக்கொண்டே இருக்கும். இரண்டு கம்பிகளும் ஓர் இரும்பு வளையத்துக்குள் நுழைந்து போகின்றன. போவதும் வருவதும் சமமாக இருந்தால் இரண்டின் காந்தப்புலமும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஒரு துளி வேறு வழியில் நழுவினாலும் சமநிலை கெடும், வளையத்தில் சுற்றிய தனிச் சுருளில் மின்சாரம் தூண்டப்படும், சுவிட்ச் விழும். 30 மில்லிஆம்பியர் கசிவுக்கு 0.3 வினாடிக்குள் விழ வேண்டும் என்பது தரம். அதைப் போல ஐந்து மடங்கு கசிந்தால் 0.04 வினாடிக்குள். இதயத்தின் ஒரு துடிப்பைவிடக் குறைவான நேரம் அது. கைவிட முடிகிற அளவை ஆராய்ந்த அதே டால்சியல்தான் 1961-இல் டிரான்சிஸ்டரை வைத்து இன்னும் நுண்ணிய கசிவுக்கே விழும் கருவியை உருவாக்கினார். அமெரிக்காவில் அதன் வழிவந்தவை 4 முதல் 6 மில்லிஆம்பியருக்குள்ளேயே விழுந்துவிடும். கை விடாமல் மாட்டிக்கொள்ளும் அளவைத் தன் கண்ணெதிரே அளந்த ஒருவர், அந்த அளவுக்குக் கீழேயே மின்சாரத்தை அறுக்கும் கருவியைச் செய்தது எனக்குப் பெரிய விஷயமாகத் தோன்றுகிறது. குளியலறையின் எல்லா இணைப்புகளுக்கும் 30 மில்லிஆம்பியருக்கு மிகாத ஆர்சிசிபி வேண்டும் என்று ஐஇசி சொல்கிறது. கீசருக்கு மட்டும் இருந்தால் போதாது. விளக்குக்கும் விசிறிக்கும் கூட வேண்டும்.

ஆனால் இதை மட்டும் நம்பி எர்த்தை விட்டுவிடக் கூடாது. எர்த் இல்லாத வீட்டில் ஆர்சிசிபி இருந்தால், கசிவுக்கு வேறு வழி இல்லாததால், யாராவது குழாயைத் தொட்டு அவர் உடம்பு வழியாக மின்சாரம் பாயும்போதுதான் அது விழும். எர்த் இருக்கும் வீட்டில் ஆளே இல்லாதபோது விழுந்துவிடும். இன்னொன்றும் இருக்கிறது. ஒருவர் ஒரு கையில் ஃபேஸையும் மறுகையில் நியூட்ரலையும் பிடித்துவிட்டால், போவதும் வருவதும் சமம்தான். ஆர்சிசிபி கையைக் கட்டிக்கொண்டு நிற்கும்.

இப்போது அந்த லூப்புக்கு வருகிறேன். நியூட்ரலை எர்த் பின்னோடு இணைத்தால் டெஸ்டர் அணைந்துவிடும் என்று முதலில் வந்த எலக்ட்ரீசியன் சொன்னது பொய் இல்லை. நியூட்ரல் சாதாரணமாக பூமியின் மின்அழுத்தத்தை ஒட்டித்தான் இருக்கும். கசிவு அதன் வழியே போய்விடும், சுருக்கென்று இருக்காது, எல்லாரும் நிம்மதியாகக் குளிப்போம். என்றாவது ஒருநாள் போர்டில் நியூட்ரல் ஸ்க்ரூ தளரும், அல்லது வயர் எங்காவது அறுந்துபோகும். அந்த நொடியில் என்ன நடக்கும்? ஃபேஸ் கீசருக்குள் வரும், எலிமென்ட் வழியாக வெளியே வரும், திரும்பிப் போக வழியில்லாமல் அந்த லூப் வழியாகக் கீசரின் உடம்புக்கு ஏறி நிற்கும். 2,000 வாட் எலிமென்ட்டின் மின்தடை வெறும் 26 ஓம்தான். ஷவரைப் பிடிக்கிறவரின் 1,000 ஓமையும் சேர்த்தால் பாய்வது 224 மில்லிஆம்பியர். எலிமென்ட்டில் விரிசலே இல்லாத, புத்தம் புதிய கீசராக இருந்தாலும் இதுதான் கதி. விரலை எச்சரிக்கும் கசிவை மறைத்துவிட்டு, எச்சரிக்கையே இல்லாமல் கொல்லக் கூடிய ஒன்றை அந்த ஐந்து நிமிட வேலை அங்கே வைத்துவிட்டுப் போயிருக்கும். இதைச் செய்பவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்களிடம் டெஸ்டர்தான் இருக்கிறது, அது அணைந்தால் வேலை முடிந்தது. தயவுசெய்து உங்கள் வீட்டு பிளக் பாயின்ட்டில் அப்படி ஒரு லூப் இருக்கிறதா என்று தெரிந்த ஒருவரை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

செருப்பு போட்டுக்கொண்டு குளித்தால் போதும் என்று அறிவுரை சொன்னவர்களும் உண்டு. காலுக்கும் தரைக்கும் நடுவில் ரப்பர் இருப்பது நல்லதுதான். ஆனால் ஒரு கை ஷவரிலும் மறுகை இன்னொரு உலோகத்திலும் பட்டால், மின்சாரம் காலைத் தேடிப் போகாது. ஒரு கையிலிருந்து மறுகைக்கு, இதயத்தின் அருகிலேயே போகும். இதற்காகத்தான் குளியலறையில் தொடக்கூடிய உலோகங்கள் எல்லாவற்றையும், தண்ணீர்க் குழாய், உலோகத் தொட்டி, எர்த் வயர் எல்லாவற்றையும், ஒன்றோடு ஒன்று தாமிரக் கம்பியால் பிணைக்கச் சொல்கிறார்கள். கம்பியில் உட்காரும் காக்கைக்கு ஒன்றும் ஆகாததற்கு என்ன காரணமோ, அதேதான் இங்கேயும். இரண்டு கால்களும் ஒரே மின்அழுத்தத்தில் இருக்கும்வரை அதன் உடம்பில் எதுவும் பாயாது. நம் இரண்டு கைகளும் தொடும் இரண்டு பொருள்களும் ஒரே அழுத்தத்தில் இருந்தால் நமக்கும் அப்படித்தான்.

"எங்க வீட்டுல பிளாஸ்டிக் குழாய்தான், பயமில்லை" என்பது நான் கேட்ட இன்னொரு பேச்சு. இதை உட்கார்ந்து கணக்கிட்டுப் பார்த்தேன். தூய நீர் மின்சாரத்தைக் கடத்தாது என்று பள்ளியில் படித்தது சரி, ஆனால் குழாயில் வருவது தூய நீர் இல்லை. அதில் கரைந்த உப்புகள் உண்டு. மின்கடத்துதிறன் சென்டிமீட்டருக்கு 500 மைக்ரோசீமன்ஸ் உள்ள தண்ணீர், 15 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள பிளாஸ்டிக் குழாயில் 1 மீட்டர் நீளத்துக்கு நிறைந்து நின்றால், அந்த நீர்த்தூணின் மின்தடை சுமார் 1,13,000 ஓம். 230 வோல்ட்டில் 2 மில்லிஆம்பியர் போகும். அம்மா உணர்ந்ததைவிட அதிகம். உப்புத்தன்மை நான்கு மடங்கு உள்ள தண்ணீர் என்றால் 8. குழாய் நீளமாக இருந்தால் குறையும், குட்டையாக இருந்தால் கூடும். பிளாஸ்டிக் குழாய் ஓரளவு தடுக்கும் என்று சொல்லலாம், அதற்கு மேல் அதை நம்ப முடியாது.

ஷவருக்குள்ளேயே, அல்லது ஷவரின் பக்கத்திலேயே தண்ணீரை உடனடியாகச் சூடாக்கும் கருவிகளுக்கு இன்னொரு கவலையும் இருக்கிறது. அவை இழுக்கும் மின்சாரம் மிக அதிகம். 8.5 கிலோவாட் கருவி 230 வோல்ட்டில் 37 ஆம்பியர் எடுக்கும். அதை ஏற்கெனவே இருக்கும் பிளக் பாயின்ட்டில் செருகவே கூடாது. அதற்கென்று போர்டிலிருந்து தனி லைன், அதற்கேற்ற தடிமனான கேபிள், ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்ந்தே துண்டிக்கும் இரட்டைத் துருவ சுவிட்ச் வேண்டும். சுவிட்ச் ஒற்றைத் துருவமாக இருந்து, வயர் மாறி நியூட்ரலில் மாட்டியிருந்தால், அணைத்த பிறகும் எலிமென்ட்டில் ஃபேஸ் நின்றுகொண்டே இருக்கும். கீசரை அணைத்துவிட்டுக் குளித்தால் ஆபத்தில்லை என்ற பழக்கம் நல்ல பழக்கம்தான், நானும் வீட்டில் அதைத்தான் சொல்கிறேன். ஆனால் உங்கள் சுவிட்ச் உண்மையில் எதை அணைக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

சார்ஜில் இருக்கும் போனைக் குளியலறைக்குள் கொண்டு போகாதீர்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டியை உள்ளே இழுக்காதீர்கள். தலை உலர்த்தும் கருவியை ஷவருக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். இவற்றுக்கு விளக்கம் தேவையில்லை.

மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்பதை வீட்டில் இருக்கும் எல்லாருக்கும், சிறு பிள்ளைகளுக்கும் காட்டி வைத்திருக்கிறேன். உள்ளே யாருக்காவது மின்சாரம் தாக்கியது தெரிந்தால் முதலில் மெயினை அணைக்க வேண்டும், அப்புறம்தான் கதவை உடைப்பதும் ஆளைத் தொடுவதும். தூக்கிவிட ஓடிப்போய்த் தானும் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. பதற்றத்தில் அது எவ்வளவு எளிதாக நடந்துவிடும் என்று எனக்குப் புரிகிறது. மூச்சும் துடிப்பும் இல்லை என்றால் உதவிக்கு ஆள் கூப்பிட்டுவிட்டு நெஞ்சின் நடுவில் அழுத்தத் தொடங்க வேண்டும், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை.

எங்கள் வீட்டில் வேலை மூன்று நாள் நடந்தது. பச்சை வயரை மெயின் போர்டு வரை இழுத்து, அங்கிருந்து புதிதாகப் போட்ட எர்த் குழிக்குக் கொண்டுபோனார்கள். எர்த் நல்லபடியாக இருக்கிறதா என்று அதற்கான கருவியால் அளந்து காட்டினார் பெரியவர். எலிமென்ட்டை மாற்றினார். 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றைப் பொருத்தினார். கடைசியாக அதே ரெசிஸ்டரையும் மீட்டரையும் அதே குழாயிலும் வடிகாலிலும் வைத்து, தரையை நனைக்கச் சொல்லி, கீசரைப் போட்டுப் பார்த்தார். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நின்றது. "அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டுங்க தம்பி" என்றார். அம்மா வந்து மீட்டரை எட்டிப் பார்த்துவிட்டு, "நான்தான் அப்பவே சொன்னேனே" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

ஆர்சிசிபியில் 'டி' என்று எழுதிய ஒரு சின்னப் பட்டன் இருக்கும். மாதம் ஒருமுறை அதை அழுத்த வேண்டும். உள்ளிருக்கும் ஒரு ரெசிஸ்டர் வழியாகச் செயற்கையாக ஒரு கசிவை உண்டாக்கி, சுவிட்ச் விழுகிறதா என்று பார்க்கும் ஏற்பாடு அது. மாதக்கணக்கில் அசையாமல் இருந்தால் உள்ளே இருக்கும் பகுதிகள் இறுகிப்போய், தேவைப்படும் அன்று விழாமல் போகலாம். ஆனால் பட்டன் வேலை செய்வதால் எர்த்தும் சரியாக இருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். எர்த் வயரே இல்லாத வீட்டிலும் அந்தப் பட்டனை அழுத்தினால் சுவிட்ச் விழும். எர்த்தைத் தனியாகத்தான் சோதிக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தைத் தெரியாமல் நிம்மதியாக இருக்கும் வீடுகளை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

பட்டனை அழுத்தும் வேலையை அம்மா எடுத்துக்கொண்டார். முதல் தேதி காலையில் டக் என்று சத்தம் கேட்கும், விசிறி நிற்கும். மறுபடி போட்டுவிட்டு, காலண்டரில் அந்தத் தேதியைச் சுற்றி ஒரு வட்டம் போடுவார்.

85 சென்டிமீட்டரில் இருக்கும் அந்த சுவிட்ச் மட்டும் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. அதைக் குளியலறைக்கு வெளியே, கதவுக்குப் பக்கத்துச் சுவருக்கு மாற்ற வேண்டும், பிளக் பாயின்ட்டை எடுத்துவிட்டுக் கீசருக்கு நேரடி இணைப்பு கொடுக்க வேண்டும். வரும் சனிக்கிழமை பெரியவர் வருகிறேன் என்றிருக்கிறார். அதுவரைக்கும் அதை யாரும் ஈரக் கையோடு தொடக் கூடாது என்று ஒரு தாளில் எழுதி, சுவிட்சுக்கு மேலே ஒட்டியிருக்கிறேன்.